கன்னத்தில் கறுத்தது

மார்ச் 4
பொது நீச்சல்குளத்தின் சக்கரவர்த்தியும் ஒற்றை விசிலின் ஏகபோக உரிமையாளருமாகிய நான், இன்று நாற்பது பிள்ளைகளைத் தண்ணீரில் தள்ளினேன். வெளுத்த பிள்ளைகள் எல்லாம் வெயிலில் தக்காளியானார்கள். கடைசியாக வந்தாள் அக்கா மகள். பதினைந்து வயது, என்னைப் போலவே அசல் கறுப்பு. முகமெங்கும் சன்ஸ்கிரீன் சாம்பல் பூத்திருந்தது.

“சுண்ணாம்பு அடிச்ச சுவரை யாருப்பா நடக்க விட்டது? நம்ம தோலைப் பார்த்தா சூரியனே குடை பிடிக்கும்டி!”

குளமே சிரித்தது. அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 5
அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். “விளையாடாதடா. அவளுக்கு லூபஸ். வெயில் பட்டா உடம்பு தன்னையே அடிச்சுக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“அதெல்லாம் உன்னை மாதிரி வெள்ளைத் தோலுக்கு அக்கா. எங்களுக்குப் பிறக்கும்போதே பூசி அனுப்பிட்டாங்க.”

பேச்சில் என்னை வெல்ல மூவுலகிலும் ஆள் இல்லை.

மார்ச் 19
அக்கா மகள் நீச்சல் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். கிரீம் இல்லாமல் பளபளவென்று வந்தாள். “அப்படி வா!” என்றேன்.

ஏப்ரல் 2
அவள் கன்னம் இரண்டும் முன்னைவிடக் கறுத்திருக்கின்றன. உழைப்பின் முத்திரை என்று தட்டிக்கொடுத்தேன்.

ஏப்ரல் 9
கால் வீங்கி, முகம் வீங்கி, ஆஸ்பத்திரி. நோய் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டதாம்.

டாக்டரம்மா அவள் கன்னத்தைக் காட்டினார். “இந்தத் தோல்ல லூபஸ் தடிப்பு சிவப்பாத் தெரியாதுங்க. இப்படிக் கறுத்துத்தான் தெரியும். யாரும் பார்க்கலையா?”

பார்த்தேன். தினமும் பார்த்தேன். தட்டிக்கொடுத்தேனே — பாவி, தட்டிக்கொடுத்தேனே!

ஏப்ரல் 10
பையில் கிரீம் அப்படியே இருந்ததாம். “ஏன்டி பூசலன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா” என்று அக்கா அழுதாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. எவ்வளவு பெரிய வாய் இது!

ஏப்ரல் 13
என் கேலியால்தான் அவள் பூசவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். “தெரியும்டா” என்றாள். அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 21
சிறுநீரகம் பாதிதான் மிச்சம். இனிக் குளம் கிடையாது. அவளிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 30
மதியம் அவள் கட்டிலில் வெயில் விழுந்தது. ஓடிப்போய்த் திரையை இழுத்தேன்.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும் மாமா.”

மூடினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.