டிஸ்டண்ட்

ஹவுரா
9-2-1974

சிரஞ்சீவி உத்தமனுக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கு நான் நலம். உனக்கு நெஞ்சுச்சளி இறங்கியதா?

பக்கத்து வீட்டு விஸ்வநாதன் எழுதித் தருகிறார். வெளியாரிடம் இதைச் சொல்ல நாலு நாள் வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன் டாக்குரியா வீட்டுக்குள் நான் நுழைந்தபோது, உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் தகப்பனார் சுந்தரராஜன் மூன்றாவது பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். “டிஸ்டண்ட் ரிலேடிவ்” என்றாய்.

கைநாட்டுக்காரனுக்கு இங்கிலீஷ் எட்டாது என்று நினைத்தாயாக்கும். ஸ்டேஷனுக்கு வெகு முன்னால் தனியாக நிற்கிற ரயில் கைகாட்டிக்கு டிஸ்டண்ட் என்றுதான் பெயர். அதில் விளக்கேற்ற எண்ணெய் டப்பாவோடு முப்பது வருஷம் நடந்தவன் நான். அந்த வார்த்தை எவ்வளவு தூரம் என்று என் காலுக்குத் தெரியும்.

எதையும் மறக்காத எனக்கு, அன்று பஸ் ஏறியதும் பாலம் தாண்டியதும் நினைவில் இல்லை. ஏன் அப்படிச் சொன்னாய்?

உன் அப்பா,
மருதமுத்து

டாக்குரியா
13-2-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சளி குறைந்துவிட்டது. நீங்கள் அந்த நீலச் சட்டையில், கத்தரிக்காய்ப் பையோடு வந்து நிற்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து காலமாகிவிட்டார் என்று அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தேன். சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான், அப்பா.

இருபத்துநாலாம் தேதி நிச்சயம். ஊர்ப் பெரியப்பா என்று வந்து நீங்களே தட்டு மாற்றிக் கொடுங்கள். கல்யாணம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோட்டு வாங்கி அனுப்புகிறேன்.

உங்கள் மகன்,
உத்தமன்

ஹவுரா
17-2-1974

உத்தமனுக்கு,

உன் கடிதத்தை விஸ்வநாதன் இரண்டு முறை வாசித்தார். இரண்டு முறையும் நான் செத்துத்தான் இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோட்டு வேண்டாம். உன் அம்மா நாகம்மா சாகும்போது உன் கையை எடுத்து என் கையில்தான் வைத்தாள். அந்தக் கையால் பெரியப்பாவாகத் தட்டு மாற்ற எனக்கு வராது.

நான் வந்து யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன். பயப்படாதே. டிஸ்டண்ட் கைகாட்டி எந்த வண்டியையும் நிறுத்தாது. முன்னால் என்ன இருக்கிறதென்று காட்டும், அவ்வளவுதான். வண்டி அதைத் தாண்டிப் போய்விடும்.

கடைசியில் ‘உன் அப்பா’ என்று போடட்டுமா என்று விஸ்வநாதன் கேட்டார். பேர் மட்டும் போதும் என்றேன்.

மருதமுத்து
(இடது பெருவிரல் ரேகை)