மூன்றாவது கியரில் நீலி

ஜனவரி 9, வியாழன்

கடையில் இன்று இருமல் மருந்துக்கு மட்டும்தான் கிராக்கி. மதியம் அண்ணன் போன் செய்தான். வழக்கம்போல 'எப்படி இருக்கே' என்றெல்லாம் கிடையாது. நேராகக் காருக்கு வந்துவிட்டான்.

"குட்டி, எஞ்சின் பார்த்துட்டேன். ஜப்பான்காரன் எஞ்சின், சும்மா கல்லு மாதிரி இருக்கு. நம்ம பழைய இரும்பைக் கழட்டி எறிஞ்சுட்டு இதை உட்கார வெச்சுடலாம்."

எனக்கு ஐம்பத்தொரு வயது. இவனுக்கு நான் இன்னும் குட்டி.

அவன் லிஃப்ட் கம்பெனியில் பொறியாளன். அவன் உலகத்தில் ரிப்பேர் என்று ஒன்று கிடையாது. பழசைக் கழற்று, புதுசை மாட்டு, அவ்வளவுதான். நான் மருந்துக்கடை வைத்திருப்பவள். முதலில் நோய் என்ன என்று தெரிய வேண்டும். பிறகுதான் மருந்து, அதுவும் குறைந்த அளவில்.

"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? மாட்டேன் என்பதுதான் பதில்.

ஜனவரி 12, ஞாயிறு

சாவி கைமாறும் நாள். அப்பா அம்மா வீட்டை விற்றதில் வந்த பணத்தில் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய கார் நீலி. அறுபத்தெட்டில் பிறந்தவள், வானத்து நீலம். ஒரு வாரம் என் ஷெட்டில் நிற்பாள், ஒரு வாரம் அவன் வீட்டில். அவளிடம் குறை ஒன்றே ஒன்றுதான்: மலைச்சாலை. நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறி, பாதி வழியில் கொதித்து நின்றுவிடுவாள்.

என் சமையலறையில் பேச்சுவார்த்தை. அண்ணியும் என் வீட்டுக்காரரும் நடுவர்கள். அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் ஒப்பந்தம் இதுதான்: ஏப்ரல் முடிவதற்குள் நாங்கள் நாலு பேரும் ஏறி உட்கார்ந்து, நீலி மூன்றாவது கியரிலேயே, கொதிக்காமல், மலை உச்சிக்குப் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் இரண்டாவதுக்குப் போகலாம் என்று பெரிய மனது பண்ணினான். தோற்றால் என் பாதிக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை அவனே எடுத்துக்கொள்வான். ஜப்பான்காரன் உள்ளே உட்காருவான்.

"ஜெயிச்சா?" என்றேன்.

"ஜெயிச்சா பார்க்கலாம்."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட அந்த வண்டியை நினைச்சாதான் பாவமா இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

பணம் பெரிதல்ல. இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கே சொல்ல? அம்மா போன பிறகு அண்ணனுக்கும் எனக்கும் பேச ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. கார் வந்த பிறகுதான் போனே அடிக்க ஆரம்பித்தது. என் பாதி போய்விட்டால் அவன் எதற்காக என்னைக் கூப்பிடப் போகிறான்?

தோற்க மாட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

செலவுக்கு வரம்பு வைத்துவிட்டேன்: அண்ணன் பார்த்த எஞ்சின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. அவன் கணக்கில் எஞ்சின் மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் கியர்பாக்ஸ், அதைத் தாங்கும் சட்டம், அந்த வேகத்துக்கு வேண்டிய பிரேக் எல்லாம் பின்னாலேயே கல்யாணக் கூட்டம் மாதிரி வரும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். சொல்ல மாட்டான்.

மெக்கானிக்கிடம் போனேன். நல்ல கைகாரர், ஆனால் வாயைத் திறந்தால் 'மாத்திரலாம்'தான். "ரெட்டை கார்ப்பரேட்டர் போட்டுரலாம் மேடம். ரேஸ் கேம்ஷாஃப்ட் மாத்திரலாம். சத்தமே தெருவை அதிர வைக்கும்!"

"எனக்குத் தெரு அதிர வேண்டாம். மலை ஏறணும். முதல்ல நாலு சிலிண்டரிலும் அழுத்தம் பாருங்க."

பார்த்தார். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு. எஞ்சினுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மூச்சுதான் போதவில்லை.

ராத்திரி சாப்பாடு வரை மண்டையைக் குடைந்து முடிவு செய்தேன். ரேஸ் கேம்ஷாஃப்ட் வேண்டாம். அது எஞ்சின் அலறும்போதுதான் பலம் தரும், எனக்கு மெதுவாக இழுக்கும்போது பலம் வேண்டும். ரெட்டை கார்ப்பரேட்டரும் வேண்டாம். ஒன்றைச் சரிபார்க்கவே எனக்குப் பொறுமை போதாது. தீப்பொறியை எலக்ட்ரானிக்காக மாற்றுவது, ரேடியேட்டருக்குப் புது உட்பாகம், எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கடைசலுக்குக் கொடுப்பது, இவை போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக் குழாய்கள். ஏறினால் இறங்கவும் வேண்டுமே.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எது கேட்டது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார், புரிந்த மாதிரி.

பிப்ரவரி 15, சனி

பிரேக் ஆயிற்று. எலக்ட்ரானிக் பெட்டியும் உள்ளே போய்விட்டது; தீப்பெட்டி அளவுதான். குளிர்ந்த காலையில் மூன்று முறை கெஞ்சினால்தான் எழுந்திருப்பவள் இன்று முதல் சாவியிலேயே எழுந்துவிட்டாள். அண்ணனுக்குப் போன் செய்து சத்தத்தைக் கேட்க வைத்தேன். "ம்" என்றான். அவனுக்கு வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 27, வியாழன்

ரேடியேட்டர். நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றும் வெப்ப முள் அசையவில்லை. நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

கடைசல் பட்டறையிலிருந்து ஹெட் வந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். கரி பிடித்துக் கிடந்த துவாரங்கள் வழவழவென்று இருக்கின்றன. இன்றைய பெட்ரோலைத் தாங்கும்படி வால்வு உட்காரும் இடங்களில் கெட்டி வளையம் போட்டிருக்கிறார்கள். அடிப்பரப்பைக் கொஞ்சம் இழைத்து அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் இழைச்சா பவர் பிச்சுக்கும் மேடம்" என்றார் மெக்கானிக். ஆளை விடுங்க என்றேன். நான் போடப்போவது சாதாரண பெட்ரோல்.

மாலைக்குள் பூட்டிவிட்டார். விளக்கு வைத்து, தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கினார். ஓட்டிப் பார்த்தேன். அடேயப்பா! மேம்பாலத்தில் நாலாவது கியரிலேயே ஏறினாள்.

வரம்புக்குள் முடித்துவிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் என்னை ஊதாரி என்று சொல்லக் கூடாது.

மார்ச் 18, செவ்வாய்

கை அரித்தது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் முன்னால் திருப்பினேன். தீப்பொறி கொஞ்சம் முந்தி விழும், வண்டி இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும். இருந்தது. அண்ணனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்ன? சின்ன விஷயம்.

மார்ச் 31, திங்கள்

நேற்று நீலி அண்ணன் வீட்டிலிருந்து திரும்பினாள். துடிப்பாகத்தான் இருக்கிறாள். போன தடவை ஒரு நூல் திருப்பியதே இவ்வளவு நல்லது செய்ததே என்று இன்னும் ஒரு நூல் திருப்பினேன். ஞாயிறன்று மலையில் ஒத்திகை. அண்ணனும் நானும் மட்டும். அவன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

போச்சு.

இரண்டே பேர்தான் இருந்தோம். மூன்றாவது வளைவு தாண்டியதுமே எஞ்சினுக்குள் சத்தம், தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. மிதித்தால் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி மூடியைத் திறந்தால் ஒரே ஆவி. முன்பு பாதி வழியாவது போவாள். இப்போது அதுகூட இல்லை. இவ்வளவு செய்ததற்கு இதுதானா?

அண்ணன் ஜெயித்தவன் மாதிரி பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் சொன்னான்: "விடு குட்டி. அவளுக்கு வயசாயிடுச்சு."

வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அழுதேன். கார் எஞ்சினுக்காக அழுகிற பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். எஞ்சினுக்காகவா அழுதேன்?

ஏப்ரல் 7, திங்கள்

மெக்கானிக்கைக் கேட்டேன். "ஹெட் ஒத்துக்கலை போல மேடம். வேற ஹெட் மாத்திரலாம்."

போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு ஓர் அம்மா கடைக்கு வந்தார். தலைசுற்றல், சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். இரண்டு சீட்டு நீட்டினார், இரண்டு டாக்டர். ரத்த அழுத்தத்துக்கு இருவருமே ஒரே மருந்தை எழுதியிருக்கிறார்கள், வேறு வேறு பெயரில். அந்த அம்மா சமர்த்தாக இரண்டையும் விழுங்கியிருக்கிறார். "டாக்டர்கிட்ட இன்னொருத்தரையும் பார்க்கிறேன்னு சொன்னீங்களா?" என்றேன். "அவர் கோவிச்சுக்குவாரேம்மா" என்றார்.

நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அந்த இருவரில் ஒரு டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்: "ரெண்டு பேர் தனித்தனியா கொடுத்திருக்கீங்க, ஒருத்தர் கொடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது." சொல்லும்போதே நீலி ஞாபகத்துக்கு வந்தாள். மகளை வரவழைத்து அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய் எடுத்தான்.

"அண்ணா, நீ டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டியா?"

பின்னால் ஏதோ லிஃப்ட் மணி அடித்தது.

"கொஞ்சம்" என்றான்.

"எவ்ளோ கொஞ்சம்?"

"ரெண்டு தடவை கொஞ்சம். ஒரு தடவை... கொஞ்சம் அதிகமாவே கொஞ்சம்."

"நானும் ரெண்டு தடவை."

"அடிப்பாவி!"

தீப்பொறி விழ வேண்டிய நேரத்துக்கு எவ்வளவோ முன்னால் விழுந்துகொண்டிருக்கிறது. சமதரையில் சுறுசுறுப்பாகத் தெரியும். மலையில் பாரம் ஏறினால் எஞ்சின் தன்னைத் தானே அடித்துக்கொள்ளும், கொதிக்கும். ஹெட் மீதும் குற்றமில்லை, வயது மீதும் குற்றமில்லை. இரண்டு வைத்தியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். கடைக்கு வந்தவர் ஒருவர் நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

பிறகுதான் உறைத்தது. "இரு. உனக்குத்தான் புது எஞ்சின் வேணுமே. இவ தோத்தா உனக்கு லாபம். நீ ஏன் இவளைத் தேத்தப் பார்த்தே?"

"ஏறிடணும்னுதான்."

"அப்போ எதுக்கு அந்தப் பந்தயம்?"

"வாய் தவறி விட்டுட்டேன். அப்புறம் எப்படி வாபஸ் வாங்குறது? உன் பாதியை வாங்கிட்டா ஞாயித்துக்கிழமை நீ எதுக்கு என் வீட்டுக்கு வரப்போறே?"

எனக்கு இருந்த அதே பயம் அவனுக்கும் இருந்திருக்கிறது, இத்தனை நாளும். எவ்வளவு முட்டாள்கள் நாங்கள். சந்தோஷமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

இருவரும் சேர்ந்து மெக்கானிக்கிடம் போனோம். விளக்கை வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார். "யாரு இதுல கை வெச்சது?" அண்ணன் கூரையைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர். பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அழுத்தம் கூடியதற்காக அதிலும் ஒரு நூல் குறைத்து இறுக்கினார். முதல் தடவையாக அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

நான் ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில், அண்ணியும் வீட்டுக்காரரும் பின்னால். அண்ணி பிளாஸ்கும் பிஸ்கட்டும் தயார் செய்திருந்தார். "நின்னுட்டா பசிக்குமே" என்றார். நம்பிக்கை என்றால் அது.

மூன்றாவது வளைவு. சத்தம் இல்லை. நான் மூச்சே விடவில்லை. அண்ணன் வெப்ப முள்ளின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. "இருக்கு, இருக்கு, அப்படியே இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அந்த நீண்ட ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. என் கை தானாகக் கியருக்குப் போனது.

"மாத்தாதே! மூணாவதுலயே இழுப்பா, மிதி!"

மிதித்தேன். இழுத்தாள். லாரியைத் தாண்டும்போது பின்னால் வீட்டுக்காரர் விசில் அடித்தார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த மனிதருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது.

உச்சியில் இறங்கி நின்றோம். முள் பாதியைத் தாண்டவில்லை. அண்ணன் தள்ளிப் போய் எஞ்சின் வியாபாரிக்குப் போன் செய்தான். காற்றில் அரைகுறையாகக் காதில் விழுந்தது: "இல்லைங்க, வேணாம். எங்க வண்டிக்கு ஒண்ணும் இல்லை."

எங்க வண்டி என்றான்.

மே 22, வியாழன்

கடை மூடும் நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்தான். முட்டி வலிக்கிறதாம், படி ஏற முடியவில்லையாம். லிஃப்ட் கம்பெனிக்காரன் படி ஏறுவானேன் என்று கேட்டேன். அண்ணி அவனை விட்டுவிட்டுத் தன் தங்கையோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாராம், வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். அம்மா கோபம் வந்தால் பாத்திரத்தை எப்படி வைப்பாள் என்று சத்தம் போட்டுக் காட்டினான், அப்படியே இருந்தது. முட்டிக்கு என்ன தடவ வேண்டும் என்று சொன்னேன். ஷட்டரைப் பாதி இறக்கிய நிலையில் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தேன், எதிர்க்கடை விளக்கெல்லாம் அணைகிற வரை.

வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது: நீலிக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று அவனிடம் சொல்லவே இல்லை.