தொடவே இல்லை என்றவனுக்கு

மாப்ள,

இன்று காலை ஒருவனைத் திட்டிவிட்டேன். திட்டு அவனுக்கு, கோபம் உன் மேல்.

கோச்சடையில் எங்கள் தெரு முனையில் ஏசி போட்ட ஜிம் ஒன்று திறந்திருக்கிறார்கள். சர்க்கரைக்காக டாக்டர் போகச் சொன்னார், போகிறேன். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தேன். கடைசித் தடவை கை பாதியில் நின்றுவிட்டது. பின்னால் நின்ற பயிற்சியாளர் பையன் அடியில் விரலைக் கொடுத்தான், கம்பி மேலே போனது. "நான் தொடவே இல்ல சார், நீங்களேதான் தூக்குனீங்க" என்றான். எழுந்து உட்கார்ந்தேன். உள்ளங்கையில் அதே இரும்பு வாசனை. "பொய் சொல்லாதடா" என்று நான் போட்ட சத்தத்தில் ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த ஒரு அம்மா இறங்கியே விட்டார். பாவம், அவனுக்கு உன்னைத் தெரியாது.

கோரிப்பாளையத்தில் நீ எழுத்துக் கோர்த்த அச்சாபீஸுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அன்றைக்கு நமக்கு ஜிம். சிமென்ட்டில் வார்த்த தட்டுகள், லாரிப் பட்டறையில் கெஞ்சி வாங்கிய கம்பி. எண்பதுகளின் தொடக்கம், நமக்கு உடம்பைத் தவிர வேறு சொத்து கிடையாது. அதை ஏற்றுவதிலும் நமக்குள் ஒத்துப்போகவில்லை. எனக்கு எடை வேண்டும். சில தடவை தூக்கினாலும் கை செத்து விழுகிற எடை. உனக்கு அளவான எடை, ஆனால் சுற்றுச் சுற்றாகத் தூக்க வேண்டும், கை ஓய்கிறதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

"எடையக் குறைடா மாப்ள. தடவையக் கூட்டு. சதை தானா வரும்" என்பாய்.

"எறும்பு கூடத்தான் நாள்பூரா தூக்குது. அதுக்கு நெஞ்சா வந்துருக்கு?" என்பேன்.

சிரித்துக்கொண்டே என் தலைமாட்டில் வந்து நிற்பாய். வாரத்துக்கு வாரம் நான் தட்டு சேர்த்தேன். கம்பியும் ஏறிக்கொண்டே போனது. "தொட்டியாடா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "தொடவே இல்ல. பூரா நீதான்." நான் நம்பினேன். இம்புட்டு எடை தூக்கியும் என் நெஞ்சு பலகையாகவே கிடந்தது, சும்மா நின்ற உனக்கு முதுகும் முன்கையும் திரண்டுகொண்டே வந்தது. எனக்கு வரவேண்டிய சதை உன் முதுகில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்.

அப்போதுதான் ஊரில் ஒரு மில்லில் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. மாவட்ட வலுதூக்கும் போட்டியில் முதலாவதாக வந்தால் எடுத்துக்கொள்வதாக அவர்கள் ஆபீசர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் எழுமலையில் மழை பொய்த்து, மானாவாரிக் காட்டைத் தரிசாகப் போட்டிருந்த அப்பா, போட்டியன்று பஸ் ஏறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் கடைசியாகத் தூக்கிய எடையையே மேடையில் கேட்டு வாங்கினேன். மூன்று வாய்ப்பு. ஒரு தடவை கேட்ட எடையை அதற்கப்புறம் குறைக்க முடியாது என்பது விதி. மூன்று தடவையும் கம்பி என் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் நின்ற ஆட்கள் அதை என்மேலிருந்து எடுத்தார்கள். எழுந்து பார்த்தபோது அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

வைகைப் பாலத்தில் வைத்துத்தான் வாயைத் திறந்தாய். "ரெண்டு வெரலுதான்டா வச்சேன். கம்பி நின்னுபோனா அன்னைக்குப் பூரா நீ சோறு திங்க மாட்ட. அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல மாப்ள."

"ஏமாத்திட்டு மூஞ்சி என்னடா மூஞ்சி" என்றேன். பிறகு நெடுநாள் உன்னிடம் பேசவில்லை. மில் வேலை போனது போனதுதான். அக்கா வீட்டுக்காரரின் பெயின்ட் கடையில் நின்றே என் காலம் கழிந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

நீயே வந்து கூப்பிட்டாய். "வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லு, பெஞ்சத் தொடச்சு வைக்கிறேன்." வந்தேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். தட்டுகளைக் கழற்றினேன், தடவையைக் கூட்டினேன். எடையைத் தொடுவதாக இருந்தால் என்னால் ஆகிற எடையை மட்டும் தொட்டேன். அடுத்த ஆண்டே சட்டைப் பொத்தான் இறுக்கிப் பிடித்தது. நீ சொன்ன வழிதான் சரி என்று ஆனதில் எனக்கு இன்னும் எரிச்சல். சரியான வழி தெரிந்தவன் ஏன் இரண்டு விரலை வைத்தாய்? நான் சிறிய எடையில் தோற்றிருந்தால் அன்றைக்கே திருந்தியிருப்பேன். ஒரு நாள் சோறு போயிருக்கும், அவ்வளவுதானே.

அன்றிலிருந்து யார் தலைமாட்டில் நின்றாலும், படுத்திருப்பவன் கண்ணில் படும்படி இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் நிற்பேன். விரல் பட்டால், "தொட்டேன், இது கணக்குல வராது" என்று சொல்லிவிடுவேன். இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. போடட்டும்.

போன வருஷம் முழுக்க போனில் கேட்டேன், எப்படி இருக்கிறாய் என்று. "எனக்கென்ன மாப்ள, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாய். உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன அன்று உன் வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே சொன்னது: "டயாலிசிஸுக்குத் தனியாத்தான் பஸ்ல போயிட்டு வந்தாரு அண்ணே. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா ஒங்க மூஞ்சி வாடிப் போயிரும், அதப் பாக்க முடியாதுன்னாரு."

அதே மூஞ்சிக் கதை. உன் பக்கத்தில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, ஓங்கி அறையத்தான் தோன்றியது. என் கம்பிக்கு அடியில் அத்தனை நாள் கேட்காமலே விரல் கொடுத்தவன், உன் கம்பி நெஞ்சில் இறங்கியபோது ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருப்பேன், இறங்கும்போது கையைப் பிடித்திருப்பேன்.

தொட்டிருப்பேன் மாப்ள. தொட்டேன் என்று உன்னிடம் சொல்லியும் இருப்பேன்.