ஒரே பந்தியாம், அக்கா

என் ரூத் அக்காவுக்கு,

உன்னைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. அதற்குள் உன்னைப் பற்றிப் பொய் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்குக் குமட்டுகிறது. இதைவிட நாகரிகமான சொல் கிடைக்கவில்லை.

விழுப்புரத்தில் நடந்த அந்த ஒழுக்கக் கலந்துரையாடல் போட்டியை நீ எப்படி மறந்திருப்பாய்? ஐம்பதுகளின் கடைசி. திண்டிவனத்திலிருந்து நம் இருவரையும் பள்ளியில் அனுப்பிவைத்தார்கள். ‘மனிதர் அனைவரும் சமம்’ என்பது தலைப்பு. காலையில் நீ பேசி முடித்ததும் கூடமே கைதட்டியது. போட்டியை நடத்திய தாளாளர் உன்னிடம் வந்து ஊரைக் கேட்டார்.

“ஓமந்தூர் பக்கங்க.”

“ஊர்ல எந்தத் தெரு?”

“சேரிங்க.”

அவர் முகம் மாறவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்தபடியே சொன்னார்: “நீங்க ரெண்டு பேரும் கொல்லப்பக்கம் போங்கம்மா, அங்க எலை போட்டிருக்கு. பேஜாரு பண்ணாதீங்க.”

மற்றப் பிள்ளைகளுக்குக் கூடத்தில் பந்தி. நமக்கு மாட்டுக் கொட்டகை ஓரம். நான் இலையைத் தொடாமல் அழுதேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, “சாப்டுடி. பசி உன் குத்தமா? சாயங்காலம் பேசணும், தெம்பு வேணும்” என்றாய்.

மாலைச் சுற்றில், சமத்துவத்தை எங்கே தொடங்குவது என்று தாளாளர் கேட்டார். ஒரு பையன் நாட்டில் என்றான். இன்னொருவன் உள்ளத்தில் என்றான். நீ எழுந்தாய். “பந்தியில தொடங்கலாங்க. இன்னிக்கு மத்தியானமே தொடங்கியிருக்கலாம்.”

உடனே மணி அடித்தார்கள். தலைப்பை விட்டு விலகிப் பேசினாயாம். ‘உள்ளத்தில்’ என்று சொன்ன பையனுக்கு முதல் பரிசு. ஊருக்குத் திரும்பும் ரயிலில், “அம்மாகிட்ட சொல்லாத, தாங்காது” என்றாய். நான் சொல்லவே இல்லை.

நீ விழுப்புரத்திலேயே டீச்சர் ஆனாய்; பத்துப் பன்னிரண்டு வருடம் ஊரே மெச்சப் பாடம் நடத்தினாய். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. போன ஞாயிற்றுக்கிழமை அதே கூடத்தில் உனக்கு இரங்கல் கூட்டம். மேசைமேல் உன் படம், மாலை. அதே தாளாளர் பேசினார். “அந்தக் காலத்திலேயே இந்தப் பெண்ணை எங்களோடு ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டோம்” என்றார். கைதட்டினார்கள், அக்கா! அம்மாவும் கும்பிட்டது.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. “கொட்டாய் ஓரமாதானே எலை போட்டீங்க?” என்று கேட்டேன்.

“அப்ப நீ சின்னப் பொண்ணும்மா, ஞாபகம் பிசகியிருக்கும்” என்றார். அதே சிரிப்பு.

அம்மா என்னைப் பார்த்தது. “நெஜமாவா?”

தலையாட்டினேன். அம்மா எழுந்தது. நேராக மேடைக்குப் போய், மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, உன் படத்தை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டது. “எம் பொண்ண நான் ஊட்டுக்கு இட்டுக்கினு போறேங்க” என்று மட்டும் சொன்னது. தாளாளர் ஏதோ சமாதானம் சொன்னார். அம்மா நின்று கேட்கவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் உன் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தது. எதைத் துடைத்தது, அக்கா?

அடுத்த வருடத்திலிருந்து அந்தப் போட்டிக்கு உன் பெயரில் கோப்பை கொடுக்கப்போகிறார்களாம். கொடுக்கட்டும். எந்தப் பிள்ளை வாங்கினாலும் அதன் வீடு தேடிப் போய், நீ எழுந்து என்ன சொன்னாய், ஏன் மணி அடித்தார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது சத்தியம்.

உனக்குப் பின் பிறந்தவள்,
எஸ்தர்