வெளிப்பக்கத் தையல்

அன்பு மகள் பட்டனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், முதலில் அதுதான். நான் இருக்கிறேன். அம்மா நான்கு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு விரல் இடம் விட்டுக் கொடுப்பாள், நலம் என்று போட்டுக் கையெழுத்திடுவேன், என் வேலை அவ்வளவுதான். இப்போது முழுத் தாளும் எனக்கே, அவள் போய் எட்டு மாதமாகியும் நிரப்பத் தெரியவில்லை. சித்தி வாரம் ஒருமுறை வந்து வீட்டைக் கூட்டிவிட்டு என்னையும் திட்டிவிட்டுப் போகிறாள். கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. கண்ணாடி மாற்றியும் ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை ஆகிறது. நீ சின்ன வயதில் பட்டன் பொறுக்கிப் பொறுக்கி அந்தப் பெயரையே வாங்கிய மூலையில் இப்போது இஸ்திரி மேஜை நிற்கிறது.

உன் கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ மறந்துபோய்ச் சேர்த்ததுபோல் எழுதியிருந்தாய், பருத்தியில் ஆறு உள்ளாடை தைத்து அனுப்புங்கள், அம்மாவுக்குத் தைத்த மாதிரி தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும் என்று. அதைப் படித்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மா அப்படிக் கேட்டது நான்கு வருஷத்துக்கு முன்னால். நான் சிரித்தேன். கொடியில் காய்வதைப் பார்க்கிறவர்கள் டெய்லருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியவில்லை என்று பேசுவார்கள், என் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். தைத்துக் கொடுத்தேன், ஏன் என்று கேட்கவில்லை. குளியலறைக்குப் போனால் அரைமணி நேரம் ஆகும், உள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டாயா என்று கதவைத் தட்டியிருக்கிறேன். அவள் படுக்கையில் விழுந்தபோது உன்னிடம் வயிற்றில் கட்டி என்றுதான் சொன்னோம். அவள்தான் அப்படிச் சொல்லச் சொன்னாள், தூரத்துல இருக்கிற பொண்ணுகிட்ட இதெல்லாம் எதுக்கு என்று. உண்மை அதுவல்லம்மா. பெண்ணுறுப்பின் தோலில் வருஷக்கணக்காக அவளுக்கு அரிப்பும் எரிச்சலும் இருந்திருக்கிறது, வெள்ளை வெள்ளையாகத் திட்டும் இருந்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்துக்கொண்டு, துணி சோப்பும் கிருமிநாசினியும் வெந்நீரும் போட்டு எரிய எரியத் தேய்த்திருக்கிறாள். முதல்லயே வந்திருந்தா களிம்பு போட்டே கட்டுக்குள்ள வச்சிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நாங்கள் போனபோது அது புற்றாகியிருந்தது. ஊர்ப் பெண்களின் அளவெல்லாம் என் நோட்டில் இருக்கிறது, யாருக்கு எங்கே பிடிக்கும், எங்கே உறுத்தும் என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். என் வீட்டில் ஒருத்திக்கு உள்பக்கத் தையல் உறுத்தியது எனக்குத் தெரியவில்லை.

உனக்கு எழுதச் சொல்லிச் சித்தியைக் கேட்டேன். எனக்கு அழுகை வருது, நீங்களே எழுதுங்க மாமா என்று போய்விட்டாள். டாக்டரம்மா சொன்னதை அம்மாவின் அளவு இருக்கும் பக்கத்திலேயே குறித்து வைத்திருந்தேன், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அப்பா எழுதுகிறாரே என்று கூசாதே, எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெளியே மட்டும் வெறும் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவினால் போதும். உள்ளே எதையும் விட்டுக் கழுவக் கூடாது, அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமாம். வாசனை சோப்பு, பவுடர், கிருமிநாசினி ஒன்றும் வேண்டாம். தேய்க்காதே, துண்டால் ஒற்றி எடு. மாதவிடாய் நாட்களில் வாசனை போட்ட நாப்கின் வேண்டாம், வேலை இருக்கிறது என்று மாற்றாமல் இருக்காதே. உள்ளாடையைச் சோப்பு போகக் கூடுதலாக ஒருமுறை அலசு. விமான நிலையக் கவுண்டரில் பத்து மணி நேரம் அந்த இறுக்கமான யூனிஃபார்மில் நிற்கிறாய், நைலான் காற்றை விடாது, எனக்குத் தெரியாத துணியா. அறைக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்று. அரிப்போ எரிச்சலோ இருந்தால், இதெல்லாம் செய்தாலும் டாக்டரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, வெறும் எலாஸ்டிக் உறுத்தலாகவே இருக்கட்டும். அதை ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நீயாகச் சொல்லிக்கொள்ளாதே. அது அழுக்கு இல்லை, நீ செய்த தப்பும் இல்லை.

ஆறும் தைத்துவிட்டேன். நன்றாக அலசி மெதுவாக்கிய துணி, கால் பக்கம் எலாஸ்டிக் வைக்கவில்லை, தையல் வெளிப்பக்கம்தான். பார்சல் இந்தக் கடிதத்தோடு வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, விடுப்பு கேட்கத் தயங்காதே. நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எனக்குப் பின்னாலும் ரொம்ப காலம் இருக்க வேண்டும். பதில் எழுதும்போது மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. உன் அம்மாவைக் கேட்காமல் விட்டதை உன்னைக் கேட்கிறேன். வெளிப்பக்கம் ஏன் தைக்கச் சொன்னாய், அம்மா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா