அம்மா உட்காரும் அளவுக்குச் சத்தம்

என் சத்தக்கார அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் காற்று உண்டா? இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. மாடியில் காயும் துணிகள் நிற்காமல் அடித்துக்கொள்கின்றன. உங்கள் சிவப்பு வண்டியின் மேல் போட்ட தார்ப்பாய் உப்பி உப்பி அடங்குகிறது. சன்னலில் நின்று பார்த்தால், வண்டி உள்ளே மூச்சு விடுவது போல இருக்கும்.

நேரில் உங்களிடம் இத்தனை பேசியதில்லை நான். பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இனிமேல் பள்ளிக்கூடம் போகவில்லை என்று நான் சொன்ன அன்று நீங்கள் திட்டவில்லை. "வா கண்ணு, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றீர்கள். இரண்டே இருக்கைகள் உள்ள அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில், தரையை உரசுவது போல உட்கார்ந்து போனோம். தகரமெல்லாம் அதிர்ந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பி ஏதோ கத்தினீர்கள். எனக்குக் கேட்கவில்லை. கேட்டது போலத் தலையாட்டினேன். அன்றைக்கு என்ன சொன்னீர்கள், அப்பா?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கண்ணை மூடிப் பத்தாவது மாதம், திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவராம். வண்டியைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். "ஏனுங்க அம்மணி, வண்டியைக் குடுக்கற ரோசனை இருக்குதுங்களா? நான் நல்லா வெச்சுக்குவனுங்க" என்று அம்மாவிடம் கேட்டார். நல்ல மனிதர்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் அறைக்குள் போய் அழுதேன். அம்மா வந்து கதவருகில் நின்றாள்.

"ஏங்கண்ணு, ஆருமே ஓட்டாத வண்டி துருப்புடிச்சுப் போகுமல்ல?"

"நான் ஓட்டறம்மா. லைசென்ஸ் இருக்குதல்ல."

"நீ தனியா அதுல போறது எனக்கு ஆகாது. நான் கூட வரோணும். அதுல ஏறுனா எனக்கு மில்லுக்குள்ள மறுபடியும் ஷிப்டுக்குப் போன மாதிரி இருக்குது சாமி."

அது உங்களுக்குத் தெரிந்ததுதான். பீளமேட்டு மில்லில் பதினெட்டு வருடம், நூல் நூற்கும் கதிர்களுக்கு நடுவே நின்றவள். முதல் தடவைக்குப் பிறகு, நீங்கள் எத்தனையோ முறை கூப்பிட்டும் அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. கடைசியில் அம்மா ஒரு முடிவு சொன்னாள். சத்தத்தைக் குறைக்க முடிந்தால் குறை. அவள் பிறந்த அன்னூர் வரைக்கும் ஒரே ஒரு முறை வருவாள். இறங்காமல் போக முடிந்தால் வண்டி நம்முடையது. முடியாவிட்டால் திருப்பூர்க்காரருக்கு. அவரும் ஒரு மாதம் காத்திருப்பதாகச் சொன்னார்.

நான் வேலை பார்க்கும் சீட் கவர் கடையில் தைக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். தகரத்தில் ஒட்டும் சத்தத் தடுப்பு ஷீட் உக்கடத்தில் கிடைக்கும் என்றார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, "ஏங்கண்ணு, வாயத் தொறந்து கேட்டா முத்து உதுந்துருமா?" என்றார். பிறகு அவரே மூன்று துண்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று சணல் விரிப்பு. ஒன்று தார் ஷீட். ஒன்று பியூட்டைல் ரப்பர், மேலே வெள்ளித்தாள் ஒட்டியது.

மூன்றையும் கொண்டுவந்து, வெயிலடித்த ஒரு நாள் மாடியில் தகரத் துண்டுகள் மேல் ஒட்டி வைத்தேன். மத்தியானம் தார் வெல்லப்பாகு மாதிரி வழிந்தது. நாற்றம் வேறு. சணலின் மேல் தண்ணீர் தெளித்தேன், சாயங்காலம் வரை ஈரம் காயவில்லை. அப்படியென்றால் அடியில் தரை துருப்பிடிக்கும். பியூட்டைல் மட்டும் அப்படியே இருந்தது. அதை ஒட்டிய தகரத்தை விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று நீளவில்லை. 'டொக்' என்று உடனே நின்றது. அந்த 'டொக்' எனக்கு அவ்வளவு பிடித்தது. திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இருக்கைகளைக் கழற்றினேன், விரிப்பை உரித்தேன். துருவைத் தேய்த்து, தின்னரால் துடைத்தேன். பிறகு ஒரு வாரம் வண்டிக்குள்ளேயே கிடந்தேன். ஹீட் கன்னால் ஷீட்டைச் சூடு பண்ணி, அதன் மேலிருக்கும் மேடு பள்ளமெல்லாம் மட்டமாகும் வரை சின்ன உருளையால் அழுத்த வேண்டும். வெள்ளித்தாளின் விளிம்பு விரலைக் கீறும். கூரைக்கு ஒட்டும்போது மல்லாந்து படுத்திருந்தேன். வண்டியின் உள்ளே முழுக்க வெள்ளியாகிவிட்டிருந்தது. கண்ணாடி வழியாக வந்த வெயில் அதில் பட்டு அசைந்தது. நிலாவின் வயிற்றுக்குள் படுத்திருப்பது போல இருந்தது. தூங்கினேனா, விழித்திருந்தேனா என்றே தெரியவில்லை.

ஆசை விடவில்லை. கதவடியில் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டு, ஒரு விரற்கடை பாக்கியில்லாமல் ஒட்டினேன். அதன் மேல் ஃபோம். இன்ஜினுக்கும் நம் கால்களுக்கும் நடுவிலிருக்கும் தகரச் சுவருக்கு மட்டும், ஃபோமுக்கு மேல் கனமான ரப்பர்ப் பாய் ஒன்று. வண்டியைக் கிளப்பினால் கிளம்பியதா என்றே சந்தேகம். பெருமையாக இருந்தது.

அம்மாவை உட்காரவைத்துக் கண்ணாடிகளை ஏற்றினேன். நம் தெருமுனை சிக்னல் வரைதான் போனோம். சிவப்பு விழுந்து நின்றதும் அம்மா இடது காதைப் பொத்திக்கொண்டாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னம்மா? இன்னும் சத்தமா?"

"இல்ல சாமி. கம்முன்னு இருக்குது. ரொம்பக் கம்முன்னு இருக்குது. அதனால என் காதுக்குள்ள இருக்கறது கெளம்பி வந்துருச்சு. வண்டியத் திருப்பு."

மில் மூடி இத்தனை வருடமாகியும் அவள் காதுக்குள் கதிர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவாம். ஊய்ங் என்று, நிற்கவே நிற்காதாம். மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்த விடமாட்டாளே, அது அதற்காகத்தானாம். உங்களுக்குத் தெரியுமா, அப்பா? தெரிந்துதான் எழுந்து போர்வையை மட்டும் எடுத்துக்கொள்வீர்களா? நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காமலே, அவளுக்கு அமைதிதான் வேண்டும் என்று நானே முடிவு செய்து ஒட்டிவிட்டேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மாவிடம் நிறையக் கேள்வி கேட்டேன். எந்தச் சத்தம் ஆகாது? எந்தச் சத்தம் பரவாயில்லை? அவளும் யோசித்து யோசித்துச் சொன்னாள். "கிர்ருன்னு தகரம் அடிக்குமல்ல, அது ஆகாது. பல்லு கூசும். உங்கப்பா வெளியில வண்டிய நிறுத்தி வெச்சு உறுமவிடுவாரே, அது நல்லாத்தான் இருக்கும். சமையக்கட்டுல நின்னு கேப்பேன்." இதை உங்களிடம் ஏன் அவள் சொல்லவில்லை?

தகரத்தின் அதிர்வைத் தின்பது பியூட்டைல். அது இருக்கட்டும். மின்விசிறி போல அவள் காதின் ஊய்ங்கை மூடக்கூடிய உறுமலை வாசலிலேயே நிறுத்தியது ரப்பர்ப் பாய்தான். அதைப் பசை போட்டு வேறு ஒட்டித் தொலைத்திருந்தேன். இரண்டு நாள் தலைகீழாகக் கிடந்து, சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஒட்டறதுக்கு ஒரு வாரம், பிய்க்கறதுக்கு ரெண்டு நாள். பொழைச்சுக்குவே போ" என்று சிரித்தாள்.

ஞாயிறு காலை கிளம்பினோம். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சத்தில் கழுத்து எரிந்தது, ஆனால் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரவணம்பட்டி தாண்டியதும் மூன்றாவது கியரில் உங்கள் உறுமல் காலடியில் வந்து உட்கார்ந்தது. தகரம் வாயே திறக்கவில்லை. அம்மா தன் கைகளை மடியில் வைத்திருந்தாள். காதைப் பொத்தவில்லை. கோவில்பாளையத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். திரும்பினால், தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நீங்கள் போனதிலிருந்து பகலில் அவள் கண் அசந்து நான் பார்த்ததில்லை.

அன்னூர் வந்தது. நிறுத்தினால் உறுமல் நின்றுவிடும். நான் நிறுத்தவில்லை.

சோளக்காடுகளும் தென்னைகளும் மெதுவாகப் பின்னால் போயின. புளியம்பட்டிக்குப் பக்கத்தில் அம்மா கண் விழித்தாள்.

"அன்னூர் வந்துருச்சா கண்ணு?"

"அது எப்பவோ போயிருச்சும்மா."

சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அந்தத் திருப்பூர்க்காரருக்குப் போன் பண்ணி, குடுக்கலைன்னு சொல்லிப்போடு. நீதான் பேசோணும். நான் பேச மாட்டேன்."

சாயங்காலம் நானே பேசினேன், அப்பா. தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல். மூன்று வாக்கியம்தான், மூன்றாவதில் குரல் நடுங்கியது. அவர், "சந்தோசமுங்க அம்மணி, நல்லா ஓட்டுங்க" என்றார்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். இந்த வண்டியை இதற்கு மேல் அமைதியாக்க மாட்டேன். வாரம் ஒரு முறை அம்மாவை ஏற்றிக்கொண்டு, அவள் தூங்கும் தூரம் வரைக்கும் போய்வருவேன்.

இப்படிக்கு,
அம்மாவை இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும் உங்கள் மகள்,
தாரணி