திரும்பாமல் இறங்கச் சொன்னார்கள்

தென்காசி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு ஸ்ரீதேவி எழுதுவது. நானும் உங்கள் மகள் சாருவும் நன்றாக இருக்கிறோம். பண்பொழியில் அத்தைக்கும் சுகம்தான். சாரலோடு முழங்கால் வலியும் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். இந்தத் தடவை அதுவும் இல்லை. “எதுக்குட்டி அப்படித் திரும்பி நின்னே? இங்கன எல்லாவனும் பாத்துச் சிரிக்கான்” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். பிறகு போனையே எடுக்கவில்லை. அதனால்தான் சார்ஜா திரும்பும் கிதிர் முகம்மது அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் அண்ணாச்சி அனுப்பிய வீடியோவில் என் முதுகு மட்டும்தான் இருக்கிறது. மீதியையும் கேளுங்கள்.

சீசனுக்காகக் குற்றாலத்தில் ஒரு ஜவுளிக்கடையார் ஃபேஷன் ஷோ நடத்தினார்கள். ஒல்லியோ குண்டோ, எல்லாருக்கும் எங்கள் உடை என்று ஊரெல்லாம் விளம்பரம். சென்னை மாடல்களோடு நம்மூர்ப் பெண்களும் மேடையில் நடக்கலாம் என்றார்கள். என்னோடு வேலை பார்க்கும் நூருன்னிசா டீச்சர்தான் என் பெயரைக் கொடுத்தாள். அப்போதே உங்களிடம் சொன்னேன். கட்டைவிரல் வந்தது.

வீட்டுக்கே ஆள் வந்து அளவெடுத்தார்கள், போட்டோவும் எடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் வைத்த ஃப்ளெக்ஸைப் பார்த்தால், முகம் என்னுடையது, இடுப்பு யாருடையதோ! நூருன்னிசா அதன் கீழேயே நின்றுகொண்டு, “ஒங்க படம் எங்கனக்கா இருக்கு?” என்று போனில் கேட்கிறாள். இதை எங்கே போய்ச் சொல்ல?

ஷோ அன்றைக்குப் போனால், மெலிந்த பிள்ளைகள் ஒரு கூட்டம். நடுவில் நான் ஒருத்திதான் குண்டு. எல்லாருக்கும் உடை என்றதற்கு நான் ஒரே சாட்சி. எனக்கு வைத்திருந்த அனார்கலியில் ஜிப் பாதி முதுகிலேயே நின்றுவிட்டது. எடுத்த அளவு என்னாயிற்று என்று கேட்டேன். ஷோவுக்கு வருகிற உடையெல்லாம் ஒரே அளவில்தான் வருமாம். பின்னே எதற்கு அளவெடுத்தார்களாம்? திறந்து கிடந்த இடத்தில் ஊக்குகளைக் குத்தி, மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்தி, “ஆன்ட்டி, திரும்பாம அப்படியே சைடுல இறங்கிருங்க. முன்னாடி பாத்தா ஒண்ணும் தெரியாது” என்றாள் ஷோவை நடத்துகிற பெண்.

மற்ற பிள்ளைகள் எல்லாரும் மேடை நுனிவரை போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தார்கள். நானும் நுனிவரை போனேன். அறிவிப்பாளர் மைக்கில், “பாத்தீங்களா, எல்லா அளவும் எங்ககிட்ட இருக்கு!” என்றார். அத்தான், அந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. துப்பட்டாவை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். ஊக்குகளை எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் நின்றேன்.

சிலர் விசிலடித்தார்கள். அண்ணாச்சியின் வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், “எனக்கும் அந்தக் கடையில இதே கததாம்ட்டி!” என்று கத்தினாள். பெண்கள் பக்கமே கைதட்டியது. அந்தச் சத்தம் உங்களுக்கு வந்து சேரவில்லை.

மறுநாளே ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டார்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பரிசு என்று புதிதாக ஒரு அனார்கலி அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் எனக்குப் பற்றவில்லை. இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்.

நான் எதற்கு மேடை ஏறினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழா நடனத்தில் சேராமல் சாரு விலகிவிட்டாள். அந்த உடுப்பில் தன்னைப் பார்த்தால் சிரிப்பார்களாம். நீங்கள் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வந்து, “எங்கட்டி என் அரிசி மூட்டை?” என்று கேட்கும்போது அவளும் சிரிக்கத்தான் செய்கிறாள். போனை வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறாள். நீங்கள் பிரியத்தில்தான் சொல்கிறீர்கள். எனக்குத் தெரியும். என்னையும் அப்படித்தானே கூப்பிட்டீர்கள்.

அன்றைக்கு அவள் முன்வரிசையில் இருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில், “ஒனக்கு வெக்கமா இல்லையாம்மா?” என்று கேட்டாள். இருந்தது என்றேன். “பொறவு ஏன் நின்னே?” என்றாள். துணி சின்னதாகத் தைத்தவன் அல்லவா வெட்கப்பட வேண்டும் என்றேன். நடனத்தில் அவள் இன்னும் சேரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கி இன்னொரு தோசை சாப்பிட்டாள்.

என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அதை லீவில் வரும்போது பேசித் தீர்த்துக்கொள்வோம். அந்த ஊர் வெயிலில் உங்களைத் திருமலைக்குமாரன் காக்கட்டும். இந்த வெள்ளிக்கிழமை மறக்காமல் கூப்பிடுங்கள். போனை அவள்தான் எடுப்பாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அத்தான்.

உங்கள்
ஸ்ரீதேவி